பேய்ப் படம் முடிந்தபின் மிஞ்சும் கேள்விகள்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

'தி ஷைனிங்' படத்தை என் தங்கைக்குப் போட்டுக் காட்டிய இரவு, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "ஏண்ணா, அந்த ஃபோட்டோவுல அவன் எப்படி வந்தான்?" என்றாள். குளிர்காலத்தில் மூடிய ஓட்டலுக்குக் காவலாக மனைவி, மகனோடு வந்து பனியில் விறைத்துச் செத்துப்போன ஜாக், '1921 ஜூலை 4' என்று எழுதிய பழைய விருந்துப் புகைப்படம் ஒன்றில் எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அதோடு படம் முடிகிறது. எங்கோ படித்த ஒரு விளக்கத்தை நான் உடனே எடுத்துவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அவளாகத் தேடிப் போயிருக்க வேண்டிய ஒன்றை நான் கெடுத்துவிட்டேன் என்று மறுநாள்தான் உறைத்தது. அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நம் பேய்ப் படங்கள் பலவற்றில் இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். செத்தது யார், கொன்றது யார், பேய் ஏன் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை, எல்லாக் கணக்கும் அதில் நேராகிவிடும். அப்படிப் பார்த்தே வளர்ந்த நமக்கு, பதில் சொல்லாமல் முடியும் படம் ஏமாற்றுவது போலத்தான் இருக்கும். ஆனால் பதில் சொல்லாத படங்களிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதைப் பிடிக்கத் தனித் திறமை எதுவும் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்.

'தி ஷைனிங்', 'தி பாபடூக்', 'தி திங்', 'தி வெய்லிங்', 'மணிச்சித்ரதாழ்' (நமக்கு 'சந்திரமுகி') ஆகிய படங்களின் முடிவுகள் கீழே வருகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள்?

முதலில் படத்தின் நீளத்தைப் பாருங்கள். 'தி ஷைனிங்' படத்துக்கு இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஓடியது 144 நிமிடம். மற்ற நாடுகளுக்காக இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கே வெட்டிச் சுருக்கியது ஏறக்குறைய 2 மணி நேரம். வெட்டுப்பட்டதில் ஒன்று, சிறுவன் டேனியைப் பார்க்க டாக்டர் வரும் காட்சி. கணவன் குடிவெறியில் பிள்ளையின் தோளைப் பிசகவைத்த கதையை அங்கேதான் வெண்டி சிரித்து மழுப்பிக்கொண்டே சொல்கிறாள். அதைப் பார்க்காதவருக்கு அந்தக் குடும்பத்தின் பயம் பேய்கள் வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பது பாதிதான் தெரியும்.

அடுத்தது மொழி. கொரியப் படமான 'தி வெய்லிங்'கில் மலையில் குடியிருக்கும் அந்நியர் ஜப்பானியர். ஊர்க்காரர்களுக்கு அவர் பேச்சு புரியாது. ஜப்பானிய மொழி தெரிந்த ஓர் இளம் கிறித்தவத் திருத்தொண்டரை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறார்கள். எல்லாரும் ஒரே மொழியில் பேசும் டப்பிங்கில் பார்த்தால், அந்தச் சந்தேகமும் இடைவெளியும் மறைந்துவிடும். மூலக்குரலை வைத்து சப்டைட்டிலோடு பாருங்கள்.

முதல் தடவை பார்க்கும்போது நோட்டு, பேனா எதுவும் வேண்டாம். நடுவில் நிறுத்தவும் வேண்டாம். பயப்படுவதுதான் முதல் வேலை. உடம்பு எந்த இடத்தில் இறுகியது என்பது பிறகு நமக்கு நல்ல சாட்சி.

கண்டது ஒரு பக்கம், நினைத்தது மறுபக்கம்

படம் முடிந்த அன்றே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். வலப்பக்கம் அதிலிருந்து நீங்களாக நினைத்துக்கொண்டது. புகைப்படத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஜாக் மாதிரியே இருக்கும் ஒருவர் 1921 படத்தில் இருக்கிறார்' என்பது இடப்பக்கம். 'ஓட்டல் ஜாக்கை விழுங்கிவிட்டது', 'ஜாக் மறுபிறவி எடுத்தவன்' எல்லாம் வலப்பக்கம். படம் முடிந்து பத்து நிமிடம் பேசினாலே இரண்டு பக்கமும் கலந்துபோகும். நண்பர்களோடு வரும் சண்டைகளில் பாதி, வலப்பக்கத்துச் சரக்கை இடப்பக்கம் என்று நினைத்துப் பேசுவதால் வருவதுதான்.

கேள்விகளைப் பிரியுங்கள்

தாளில் உள்ள எல்லாக் கேள்வியும் ஒரே ரகம் அல்ல.

சிலவற்றுக்குப் படம் பதில் சொல்லியிருக்கும், நாம்தான் தவறவிட்டிருப்போம். ஜெனிஃபர் கென்ட் இயக்கிய ஆஸ்திரேலியப் படம் 'தி பாபடூக்' (2014). கணவனை இழந்த அமீலியாவின் வீட்டில், யார் வைத்தது என்றே தெரியாமல் ஒரு படக்கதைப் புத்தகம் முளைக்கிறது. கிழித்துப் போட்டாலும் ஒட்டப்பட்டுத் திரும்பி வருகிறது. யார் எழுதியது? படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஒரு பிறந்தநாள் விருந்தில், முன்பு என்ன எழுதிக்கொண்டிருந்தாய் என்ற பேச்சு வரும்போது, பத்திரிகைக் கட்டுரைகள், கொஞ்சம் குழந்தைகளுக்கானவை என்று அமீலியா போகிற போக்கில் சொல்கிறாள். ஒரே ஒரு வரி. அதைக் கேட்டபின் அந்தப் புத்தகத்தை மறுபடி பாருங்கள், நடுக்கம் வேறு திசையிலிருந்து வரும்.

சில கேள்விகளைப் பற்றிப் படத்துக்கு அக்கறையே இல்லை. 'சந்திரமுகி'யில் வரும் அந்தப் பெரிய பாம்பு எதற்கு என்று இன்றுவரை கேட்கிறோம். மலையாள மூலமான 'மணிச்சித்ரதாழி'ல் அந்தப் பாம்பே கிடையாது. அது இல்லாமலே நாயகி கங்காவின் கதை முழுதாக நிற்கிறது. ஆகவே பாம்புக்கு ஆழமான பொருள் தேடுவதைவிட, பாழடைந்த அரண்மனை என்றால் பாம்பு இருக்கும் என்ற நம் பழைய நம்பிக்கைக்குத் தீனி போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நகர்வது நல்லது. ஒரு கேள்வியைப் படத்திலிருந்து உருவிப் பாருங்கள். கதை அசையாமல் நின்றால் அந்தக் கேள்வியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது ரகம்தான் முக்கியம். படம் தெரிந்தே திறந்து வைக்கும் கேள்விகள். இவற்றை உருவினால் படமே சரிந்துவிடும். இரண்டாம் முறை பார்ப்பது இவற்றுக்காகத்தான்.

இரண்டாம் முறை: இதை யார் பார்க்கிறார்கள்?

பேய் வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேளுங்கள். இந்தப் பேயை இப்போது யார் பார்க்கிறார்கள்? அந்த ஆளைத் தவிர வேறு சாட்சி உண்டா?

'தி ஷைனிங்'கில் இதைச் செய்து பார்த்தபோது எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். டேனிக்கு ஆரம்பத்திலிருந்தே காட்சிகள் தெரிகின்றன, அது அவனுடைய பிறவிச் சக்தி. வெண்டிக்குக் கடைசிக்கட்டம் வரை ஒன்றுமே தெரிவதில்லை. ஜாக் பேய்களோடு பேசும் இடங்களில் கண்ணாடி இருக்கிறது. மதுக்கூடத்தில் மது ஊற்றும் லாயிட் நிற்பதற்குப் பின்னால் கண்ணாடி. 237ஆம் அறையில் தழுவிய பெண் அழுகிய கிழவி என்று ஜாக்குக்குத் தெரிவதே கண்ணாடியில். சிவப்புக் கழிப்பறையில், முன்பு அங்கே காவலுக்கு இருந்து தன் குடும்பத்தையே கொன்ற கிரேடியோடு பேசும்போது சுவரெல்லாம் கண்ணாடி. அப்படியானால் இந்த மனிதர் தனக்குத் தானே பேசிக்கொள்கிறாரோ? இதுவரை பார்த்ததை வைத்து அப்படிச் சொல்லலாம். டேனியின் கழுத்துக் காயத்துக்குக்கூட, அப்பனே செய்திருக்கலாம் என்ற சந்தேகம் உயிரோடுதான் இருக்கிறது.

பிறகு அந்தச் சரக்கறை வருகிறது. மயங்கிக் கிடந்த ஜாக்கை வெண்டி உள்ளே இழுத்துப் போட்டு வெளியே தாழிட்டுவிட்டாள். சுற்றிலும் டப்பாக்கள், மூட்டைகள். கண்ணாடி இல்லை. கிரேடியின் உருவமும் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வருகிறது. பேச்சு முடிகிறது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

வெண்டி திறக்கவில்லை, டேனியும் திறக்கவில்லை. உள்ளே இருப்பவனால் திறக்க முடியாது. அதுவரை நாம் கட்டிவந்த 'எல்லாம் பிரமை' என்ற விளக்கம் அந்த ஒரு சத்தத்தில் நொறுங்குகிறது. வெண்டியின் கண்ணுக்குப் பேய்கள் தென்படுவதும் இதற்குப் பிறகுதான். பிரஞ்சு விமர்சகர் மிஷேல் சிமானிடம் பேசும்போது குப்ரிக்கும் இந்தத் தாழ்ப்பாளைத்தான் சுட்டிக்காட்டினார்: கிரேடி அதைத் திறக்கும்போதுதான் அமானுஷ்யத்தைத் தவிர வேறு விளக்கம் இல்லாமல் போகிறது என்றார். அதைப் படிப்பதற்கு முன்பே சத்தத்தை நீங்களாகவே பிடித்துவிட்டால் வரும் சந்தோஷம் தனி.

புகைப்படக் கேள்விக்கும் இதே வழிதான். சிவப்புக் கழிப்பறையில் ஜாக், "நீங்கள்தானே இங்கே காவலுக்கு இருந்தவர்?" என்று கிரேடியைக் கேட்கிறான். கிரேடியோ, காவல்காரர் நீங்கள்தான், எப்போதும் நீங்களாகத்தான் இருந்திருக்கிறீர்கள் என்கிறார். கடைசிப் புகைப்படம் திடீரென்று விழவில்லை, முன்பே வாயால் சொன்னதற்கு அத்தாட்சியாக வருகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். நேர்முகத் தேர்வில் மேலாளர் சொல்லும் பெயர் சார்லஸ் கிரேடி. கழிப்பறையில் அவர் சொல்லிக்கொள்ளும் பெயர் டெல்பர்ட் கிரேடி. இருவரா, ஒருவரே இரண்டு காலத்தில் இருந்தாரா? புகைப்படத்து ஜாக்குக்கும் நாம் பார்த்த ஜாக்குக்கும் இடையே உள்ள அதே கேள்வி இது. ஒரு கேள்வி படத்தில் இரண்டு இடத்தில் தலைகாட்டினால் அது கவனக்குறைவு அல்ல என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

வெட்டி ஒட்டியதை நம்பாதீர்கள்

நா ஹாங்-ஜின் இயக்கிய 'தி வெய்லிங்' (2016) என்னை ஏமாற்றியது போல வேறெந்தப் படமும் ஏமாற்றவில்லை. ஊரில் அடுத்தடுத்துச் சாவுகள் விழுகின்றன. மகளுக்குப் பீடை பிடித்துவிட்டது என்று போலீஸ்காரர் ஜோங்-கு, இல்-க்வாங் என்ற பூசாரியை வரவழைக்கிறார். முற்றத்தில் பெரிய சடங்கு. மேளம், தாளம், ஆட்டம், மரப்பொம்மையில் ஆணி அடிப்பது. அதே நேரத்தில் மலைமேல் ஜப்பானியரும் தன் வீட்டில் ஒரு சடங்கு செய்கிறார். கேமரா இங்கும் அங்குமாகத் தாவுகிறது. பூசாரி ஆணி அடிக்கிறார், மலைமேல் ஜப்பானியர் துடிக்கிறார். இரண்டு மந்திரவாதிகளின் யுத்தம் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி போட்டு, இடப்பக்கத்துக்கு மட்டும் குறிப்பு எடுங்கள். ஆணி இறங்கும்போதெல்லாம் யார் அலறுகிறாள்? மகள். ஜப்பானியரின் முன்னால் யாருடைய புகைப்படம் இருக்கிறது? செத்துப்போன வேறொரு மனிதருடையது. இருவரும் ஒருவரையொருவர் தாக்குகிறார்கள் என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. இரண்டு காட்சியை அடுத்தடுத்து வைத்ததால் அந்த முடிச்சை நாமே போட்டுக்கொண்டோம். சடங்கை நிறுத்தச் சொல்லிக் கத்தும் தகப்பன் தப்பு செய்கிறார் என்று முதல் தடவை பதறியவன் நான். இரண்டாம் தடவை, ஐயோ, இன்னும் முன்பே நிறுத்தியிருக்கக் கூடாதா என்று பதறினேன்.

படம் தொடங்குவதே ஜப்பானியர் தூண்டில் முள்ளில் புழு கோர்க்கும் காட்சியோடுதான். பிற்பாடு பூசாரி, அவன் தூண்டில் போட்டான், உன் மகள் இரையைக் கவ்விவிட்டாள் என்கிறார். கோவணம் மாதிரி ஜப்பானியர் கட்டும் அதே உள்ளுடையைப் பூசாரியும் கட்டியிருப்பது உடை மாற்றும் ஒரு கணத்தில் தெரியும். கடைசியில் பூசாரியின் வண்டியிலிருந்து செத்தவர்களின் புகைப்படங்கள் நிறைந்த பெட்டி கீழே விழுகிறது. பதில் அங்கேயே கிடந்தது. சத்தமும் வேகமும் நம் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டன.

வெள்ளை உடைப் பெண் யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. சேவல் மூன்று முறை கூவும் வரை வீட்டுக்குப் போகாதே என்று அவள் ஜோங்-குவைக் கெஞ்சுகிறாள். அவளிடம் செத்தவர்களின் உடைமைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் நம்பாமல் ஓடுகிறார். அவரிடம் இருந்த சாட்சியங்கள்தான் நம்மிடமும் இருந்தன. அந்த இடத்தில் நீங்கள் எந்தப் பக்கம் ஓடியிருப்பீர்கள் என்று தாளில் எழுதுங்கள், 'அவள் காவல் தெய்வம்' என்று எழுதுவதற்கு முன்னால்.

உங்கள் விளக்கத்தை உடைத்துப் பாருங்கள்

ஒரு விளக்கம் பிடித்துப்போனால் அதற்குச் சாதகமானவை மட்டும்தான் கண்ணில் படும். அதனால் அதை உடைக்கக்கூடிய காட்சியை நீங்களே தேடிப் போக வேண்டும்.

ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) இதற்கு நல்ல பயிற்சி. அண்டார்டிக்காவில் முகாம் எரிந்துகொண்டிருக்கிறது. மெக்ரெடியும் சைல்ட்ஸும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர் மனித உருவெடுத்த அந்த ஜந்துவாக இருக்கலாம். சைல்ட்ஸின் மூச்சுக் காற்று வெள்ளையாகத் தெரியவில்லை, ஆகவே அவர்தான் ஜந்து என்பது பிரபலமான வாதம். சரி, உடைத்துப் பார்ப்போம். முன்பு அதே முகாமில் இருந்த பென்னிங்ஸாக உருமாறிக்கொண்டிருந்த ஜந்து பனியில் மண்டியிட்டு ஓலமிடும்போது அதன் வாயிலிருந்து ஆவி வருகிறது. ஜந்துவுக்கு மூச்சாவி வராது என்ற விதி இந்தப் படத்தில் கிடையாது. மூச்சு தெரிவதும் தெரியாததும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது.

சைல்ட்ஸின் காதில் கடுக்கன் இருக்கிறது, உலோகத்தை ஜந்துவால் நகலெடுக்க முடியாது, ஆகவே அவர் மனிதர்தான் என்பது எதிர்வாதம். அந்த விதி வந்தது 2011இல் வெளியான முன்கதைப் படத்தில். 1982இல் படம் எடுத்தவர்கள் 29 வருடம் கழித்து வரப்போகும் விதியை வைத்துத் துப்பு விட்டிருக்க முடியாது. நாவலைக் கொண்டுவந்து படத்துக்குப் பதில் சொல்வதும் இதே தவறுதான். 'தி ஷைனிங்' படத்துக்கு மூலமான ஸ்டீஃபன் கிங்கின் நாவலில் ஓட்டல் வெடித்து எரிகிறது, குப்ரிக்கின் படத்தில் ஜாக் பனியில் உறைகிறான். இரண்டும் வெவ்வேறு உலகம்.

விளக்கங்களின் தரத்தை எடைபோட 'தி ஷைனிங்' பற்றிய இரண்டு வாதங்களை ஒப்பிடுங்கள். இரண்டும் 'ரூம் 237' என்ற 2012 ஆவணப்படத்தில் வருகின்றன. நிலவில் மனிதன் இறங்கிய காட்சியைப் பொய்யாகப் படம்பிடித்ததே குப்ரிக்தான், அதைத்தான் இந்தப் படத்தில் ஒப்புக்கொள்கிறார், நிலவின் தூரம் 2,37,000 மைல் என்பதால்தான் அறை எண் 237 என்கிறது ஒன்று. நாவலில் அறை எண் 217. ஓட்டலின் வெளிப்புறம் படமான டிம்பர்லைன் லாட்ஜ் நிர்வாகம், பிறகு அந்த அறையில் தங்க ஆட்கள் பயப்படுவார்கள் என்று கேட்டுக்கொண்டதால், அங்கே இல்லாத 237 என்ற எண் வைக்கப்பட்டது. வாதத்தின் அஸ்திவாரமே போய்விட்டது.

மற்றொன்று, அமெரிக்கப் பூர்வகுடிகளை அழித்த வரலாற்றைப் படம் உள்ளே வைத்திருக்கிறது என்பது. ஓட்டல் பூர்வகுடிகளின் இடுகாட்டின் மேல் கட்டப்பட்டது, கட்டும்போது அவர்களின் தாக்குதலைச் சமாளிக்க வேண்டியிருந்தது என்று மேலாளரே வசனத்தில் சொல்கிறார். சுவர்களில் அவர்களுடைய ஓவிய வடிவங்கள். சரக்கறையில் ஜாக்கின் தலைக்குப் பின்னால் பூர்வகுடித் தலைவரின் முகம் போட்ட கேலுமெட் பேக்கிங் பவுடர் டப்பாக்கள். எல்லாமே இடப்பக்கத்தில் எழுதக்கூடியவை. இதை நீங்கள் முழுதாக ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இது நிற்கும், மற்றது நிற்காது.

மறைபொருளை ஒரு சொல்லில் அடைக்காதீர்கள்

'பாபடூக் என்றால் துக்கம்' என்று சொல்லிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது வாசல்தான். பிரசவத்துக்கு அமீலியாவை அழைத்துப் போகும் வழியில் விபத்தில் செத்தவன் அவள் கணவன். மகன் பிறந்ததும் அவன் செத்ததும் ஒரே நாள் என்பதால் அந்த நாளில் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. கடைசியில் அந்த ஜந்து சாகவில்லை. கணவனின் பொருள்கள் கிடக்கும் நிலவறையில் அது இருக்கிறது. மகன் தோட்டத்தில் தோண்டிய மண்புழுக்களைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் கீழே போகிறாள். அது சீறுகிறது, அவள் சமாதானப்படுத்துகிறாள். மேலே மகனுக்குப் பிறந்தநாள், அதுவும் அந்த நாளிலேயே. துக்கத்தை ஏன் கொல்லவில்லை, ஏன் சோறு போடுகிறாள், ஏன் மகனை மட்டும் கீழே விடவில்லை என்று செயல்களைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் பொருள் சதைபிடிக்கும்.

நம் பக்கத்திலிருந்து, ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' (1993). பேயா, மனநோயா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. மனநோய் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் குணமாவது எங்கே? மருத்துவமனையில் அல்ல. மந்திரவாதி போட்ட களத்தில், கங்கா தன்னை யாராக நினைத்துக்கொள்கிறாளோ அந்தச் செத்துப்போன நாட்டியக்காரி நாகவல்லிக்குப் பழிதீர்க்க ஒரு பொய் உடலைக் கொடுத்த பிறகுதான் கங்கா திரும்பி வருகிறாள். டாக்டரும் மந்திரவாதியும் கைகோத்து நடத்திய நாடகம் அது. பேயா நோயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியையே படம் தள்ளிவைக்கிறது என்பது என் வாசிப்பு. நோய் எந்த மொழியில் பேசியதோ அந்த மொழியிலேயே பதில் சொல்லி அதை அனுப்பிவைக்கிறார்கள்.

இயக்குநர் பேட்டி எப்போது?

எல்லாவற்றுக்கும் கடைசியாக. புகைப்படம் ஜாக்கின் மறுபிறவியைச் சுட்டுகிறது என்று குப்ரிக்கே சொல்லியிருக்கிறார். முதலிலேயே இதைப் படித்தால் தேடல் நின்றுவிடும். உங்கள் தாள் நிரம்பிய பிறகு படித்தால், கிரேடியின் 'எப்போதும் நீங்கள்தான்' என்ற பேச்சுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு சாட்சி கிடைக்கும். விளக்க வீடியோக்களுக்கும் இதே வரிசைதான்.

என் தங்கை போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது படத்தை மறுபடி போட்டோம். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. சரக்கறைக் காட்சி வந்தது. தாழ்ப்பாள் இழுபட்டது. அவள் ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள். "இரு, இரு. அப்போ வெளிய யாருண்ணா நின்னது?"